எங்கள் வயதுக்காரருக்கு ஒளிக்கத் தெரியாதா? திருகோணமலையும் போனும்

கோணேசபுரிக்காரி | வெள்ளி இரவு 9.10

ஊரில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒருவர் எழும்பி, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மறைப்பு என்று ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் போனில் போட்டுவிடுகிறார்கள்" என்று சொல்லாமல் இருக்கமாட்டார். எல்லாரும் தலையாட்டுவார்கள். எனக்கு 24 வயது. என் கண்ணுக்குத் தெரிவது வேறு மாதிரி. எங்கள் செட்டில் ஒளிக்கத் தெரியாத ஆள் என்று ஒருவரைக்கூட என்னால் காட்ட முடியாது.

கூட்டாளி ஒருத்திக்கு இன்ஸ்டாவில் இரண்டு கணக்கு. சொந்தப் பெயரில் இருப்பதில் கோணேசர் கோவில் வாசல், சேலை, பிறந்தநாள் கேக். கனடாச் சித்தி வந்து "என் செல்லம்" என்று இதயம் போட்டுவிட்டுப் போவார். மற்றதில் பெயரும் இல்லை, முகமும் இல்லை. ஒரு பூனைப் படம், இருபது முப்பது பேர், அவ்வளவுதான். அவள் சிரிப்பதும் திட்டுவதும் வேலையிடத்தை நினைத்து அழுவதும் அங்கேதான்.

மாபிள் பீச்சுக்குப் போனால் படம் அன்றைக்கு ஏறாது. வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் "லைப்ரரியில் இருந்தேன்" என்று சொல்லி, அந்தச் சூடு ஆறிய பிறகு அடுத்த கிழமை ஏறும். அதிலும் கூட வந்தவர்களின் முகத்துக்கு ஸ்டிக்கர். வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடும்போது யாருக்குக் காட்டக்கூடாது என்ற பட்டியல், காட்டலாம் என்ற பட்டியலைவிட நீளம்.

ஆனால் ஒன்று. இவ்வளவும் யாரிடமிருந்து? மாமியிடமிருந்து, பெரியப்பாவிடமிருந்து, பக்கத்து வீட்டு அண்ணாவிடமிருந்து. போன் நம்பரும் அடையாள அட்டையும் யார் யார் கையில் இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் யோசிப்பதில்லை. இதைத்தான் கதைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் பக்கம் எப்படி?

பாலையூற்றான் | வெள்ளி இரவு 9.32

லைப்ரரி விஷயத்தை ஏன் வெளியில் விட்டீர்கள் அக்கா, இனி அதுவும் செல்லாது.

பெடியன்கள் பக்கம் சொல்கிறேன். என் கூட்டாளியின் போனில் அவன் காதலிக்கிற பிள்ளையின் பெயர் "ரீலோட் கடை". இன்னொருவன் "கெமிஸ்ட்ரி சேர்" என்று போட்டிருக்கிறான். இரவு பதினொரு மணிக்குக் கெமிஸ்ட்ரி சேர் எதற்கு மிஸ்கோல் அடிக்கிறார் என்று அவனுடைய அம்மா இன்னும் கேட்கவில்லை. ஸ்டேட்டஸில் ஒரு பாட்டு வரி போட்டால் நூறு பேர் பார்ப்பார்கள், அது யாருக்கு என்று ஒருத்திக்குத்தான் தெரியும். மற்றவர்கள் "நல்ல பாட்டு மச்சான்" என்பார்கள்.

ஆனால் இவ்வளவு கெட்டிக்காரர்கள் எல்லாம் ஒரு இடத்தில் விழுகிறார்கள். காதலிக்கத் தொடங்கினால் ஒருவருடைய பாஸ்வேர்டை மற்றவருக்குக் கொடுக்க வேண்டுமாம். தராவிட்டால் நம்பிக்கை இல்லையாம். ஆறு மாதத்தில் பிரிந்த பிறகு கணக்கு இவனுடையது, திறப்பு அவளிடம், அல்லது மறுபக்கம். எங்கள் செட்டில் நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் ஹேக்கர் வந்து செய்தது இல்லை, திறப்பைக் கையில் கொடுத்துவிட்டு வந்தவைதான்.

ஓர்ஸ்ஹில் பழையவர் | வெள்ளி இரவு 10.05

பிள்ளைகளே, போடாமல் விட்டால் பிரச்சினையே இல்லையே. எனக்கு 57 வயது. பேஸ்புக்கில் என் படம் ஒன்றுகூட இல்லை. சந்திக்குச் சந்தி அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நடந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். பெயரும் முகமும் ஒரு தாளில் சேர்ந்து நிற்பதே எங்களுக்குப் பயம். அந்தப் பயம் உங்களுக்கு இல்லாதது நல்லதுதான். ஆனாலும் கொஞ்சமாவது இருக்கலாம்.

கோணேசபுரிக்காரி | வெள்ளி இரவு 10.20

ஐயா, உங்கள் படம் ஒன்றுகூட இல்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? கடைசியாகப் போன கலியாண வீட்டு ஆல்பத்தைத் தேடிப் பாருங்கள். பந்தியில் வடையோடு இருப்பீர்கள்.

போடாமல் விடுவது எங்கள் கையில் மட்டும் இல்லை என்பதுதான் என் கதை. பயம் இல்லை என்றும் சொல்லாதீர்கள். நவம்பரில் மாவீரர் நாள் வந்தால் எங்கள் வயதுக்காரரும் லைக் பட்டனுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். பேஸ்புக்கில் படம் போட்டதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆட்களைப் பிடித்தது 2024 நவம்பரிலும் நடந்தது. அந்தச் சட்டம் வந்தது 1979இல். என் அம்மாவே அப்போது சின்னப்பிள்ளை.

நீலச்சங்கு | வெள்ளி இரவு 11.41

இங்கே பெயர் இல்லாமல் எழுதலாம் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குச் சாமத்திய வீடு, அதாவது பெரியபிள்ளையான சடங்கு, செய்தபோது 12 வயது. அப்பா பிரான்சில் இருந்து காசு அனுப்பினார், பெரிதாகச் செய்தார்கள். மண்டபம், பல்லக்கு, அதற்கு முதல்நாள் உப்புவெளிக் கடற்கரையில் "அவுட்டோர்". கெமராக்காரர் அலைக்குள் நிற்கச் சொன்னார், திரும்பிப் பார்க்கச் சொன்னார், பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொன்னார். ஓடினேன். யார் இதைப் பார்க்கப்போகிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஸ்டூடியோ அதை வெட்டி ஒட்டி, சினிமாப் பாட்டுப் போட்டு, என் பெயரோடு யூடியூப்பிலும் பேஸ்புக்கிலும் விளம்பரமாக ஏற்றிவிட்டது. கம்பஸ் வந்த முதல் கிழமை, ராகிங் நேரம், ஒரு சீனியர் போனைத் திருப்பி அந்த வீடியோவைக் காட்டினார். கீழே கமெண்டுகள். முன்பின் தெரியாத ஆம்பிளைகள், என் அப்பாவின் வயதுக்காரர்கள். எழுதியதை இங்கே எழுதமாட்டேன்.

அதற்குப் பிறகு நான் எந்தக் கணக்கிலும் முகம் போட்டதில்லை. இன்ஸ்டா பூட்டித்தான் இருக்கிறது, வட்ஸ்அப் டிபியில் பூ. அப்படி இருக்கும்போது, "இந்தக் காலத்துப் பெட்டைகள்தான் எல்லாவற்றையும் காட்டுகிறார்கள்" என்று மாமி ஒருவர் சொன்னார். அந்த வீடியோவை அவருடைய பேஸ்புக்கில் இன்றைக்கும் பார்க்கலாம்.

கோணேசபுரிக்காரி | வெள்ளி இரவு 11.58

நீலச்சங்கு, இதைத்தான் நான் சொல்ல வந்து சரியாகச் சொல்லத் தெரியாமல் நின்றேன். எங்கள் கையில் போன் வர முதலே எங்களைப் பற்றிய பாதி விஷயம் வெளியில் போய்விட்டது. போட்டவர்கள் பெரியவர்கள். புத்திமதி கேட்பது மட்டும் நாங்கள்.

அந்த வீடியோவை எடுக்க முயற்சி செய்தீர்களா? வழி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கொமியூனிகேஷன் கடைக்காரன் | சனி காலை 7.15

கடை திறக்க முதல் எழுதிவிடுகிறேன். ஐயாவும் அக்காவும் முகத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். என் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரை ஒருநாள் பார்த்தால் முகம் எல்லாம் சின்ன விஷயம் என்பீர்கள்.

ஒரு பிள்ளை வருகிறது. "அண்ணா, வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், பிரிண்ட் எடுங்கோ." என்ன அனுப்பியிருக்கிறது? அடையாள அட்டை இரண்டு பக்கமும், பிறப்புச் சான்றிதழ், ஏ.எல். பெறுபேறு, கிராம சேவகர் தந்த கடிதம், சில நேரம் பாஸ்போர்ட்டும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும். பிரிண்ட் காசைத் தந்துவிட்டுப் போய்விடும். கோப்பு என்னிடம் கிடக்கும். நான் இரவு கடை பூட்டும்போது எல்லாவற்றையும் அழிக்கிறவன். எல்லாக் கடையிலும் அழிப்பார்கள் என்று நான் பொறுப்பு நிற்கமாட்டேன். வேலைக்கு நிற்கிற பெடியனும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறான்.

அடையாள அட்டை நம்பர் வெறும் நம்பர் என்று நினைக்கிறீர்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்பிள்ளை என்றால் அதில் 500 கூட்டியிருக்கும். 95561 என்று தொடங்கினால் 1995, பெண், 61ஆவது நாள். எந்த வருடமானாலும் பெப்ரவரியை 29 நாளாகத்தான் எண்ணுவார்கள், ஆகவே மார்ச் 1. 12 இலக்கப் புதிய நம்பரில் வருடம் நான்கு இலக்கமாக வரும், மிச்சம் அதே கணக்கு. இனிச் சொல்லுங்கள், உங்களில் எத்தனை பேரின் போன் பின் நம்பரும் பேங்க் பின் நம்பரும் பிறந்த தேதி?

அனுப்பிய பிறகு "எல்லாருக்கும் அழி" என்று போனில் அழுத்திவிட்டுப் போகிற கெட்டிக்காரரும் வருவார்கள். வட்ஸ்அப்பில்தான் போகும், நான் இறக்கிய கோப்பு போகாது. கடைக்காரனிடம், "அண்ணா, என் கண்ணுக்கு முன்னால் அழியுங்கோ, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்கோ" என்று வாய் திறந்து கேளுங்கள். கோபிக்கமாட்டோம். கோபிக்கிற கடைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, அவசரத்தில் என் கம்ப்யூட்டரில் வட்ஸ்அப் வெப் போட்டுவிட்டு லொக்அவுட் செய்யாமல் போகிறவர்கள். பின்னேரம் வரைக்கும் அவர்களின் குடும்பச் சண்டை முழுக்க என் திரையில் ஓடும். போனில் "லிங்க்ட் டிவைசஸ்" என்ற இடத்தை இப்போதே திறந்து, தெரியாதது ஏதும் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

பாலையூற்றான் | சனி காலை 8.02

பார்த்தேன் அண்ணா. ஒரு "விண்டோஸ்" இருந்தது. எந்தக் கடை என்றே ஞாபகம் வரவில்லை. வெட்டிவிட்டேன்.

கிண்ணியாப் பாலம் | சனி காலை 10.30

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். எங்கள் பக்கம் கதை கொஞ்சம் வேறு. என் தங்கச்சி வீட்டிலிருந்து கேக் செய்து கொடுக்கிறா. இன்ஸ்டாவில் கேக்கும் கையும்தான் வரும், முகம் வராது. அதெல்லாம் அவவே போட்ட ஒழுங்கு, நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஓடர் எடுக்க நம்பர் போடத்தானே வேண்டும். நம்பரைப் போட்டால் கேக் கேட்பவர் பத்துப்பேர், "ஹாய்" சொல்பவர் நூறுபேர்.

நம்பரைக் கொடுத்தால் பெயரைக் காட்டுகிற ட்ரூகோலர் அப்பில் அந்த நம்பரை அடித்துப் பார்த்தோம். ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் சேர்த்து "கேக் தங்கச்சி" என்று வந்தது. அவ அந்த அப்பைப் போட்டதே இல்லை. யாரோ ஒரு கஸ்டமர் தன் போனில் அப்படிச் சேமித்திருக்க வேண்டும், அங்கிருந்துதான் அப்புக்குப் பெயர் போயிருக்கும் என்று நினைக்கிறோம். இதுதான் அதில் பிடிக்காத விஷயம். ட்ரூகோலரின் இணையத்தளத்தில் நம்பரைப் பட்டியலில் இருந்து நீக்கக் கேட்கலாம், நீக்கினோம். கேக்குக்கு வேறு சிம் எடுத்து வட்ஸ்அப் பிஸ்னஸ் போட்டோம். இரவு ஒன்பது மணியோடு அந்தப் போன் ஓஃப்.

உம்மாவுக்கு இது பெரிய செலவு மாதிரித் தெரிந்தது. ஒரு சிம் விலைக்கு நிம்மதி கிடைக்கிறதென்றால் மலிவு என்பேன்.

நீதிமன்ற வீதி | சனி மதியம் 1.20

நீலச்சங்கு கேட்காவிட்டாலும், கோணேசபுரி கேட்டதற்குப் பதில்.

முதலில் யூடியூப். அங்கே தனியுரிமை முறைப்பாடு என்று தனி வழி இருக்கிறது. படத்தில் இருப்பது நீங்கள் என்று அடையாளம் தெரிந்தால் நீங்களே போடலாம், பெற்றோர் வரத் தேவையில்லை. வீடியோவின் எந்த நிமிடத்தில் நீங்கள் வருகிறீர்கள் என்று நேரத்தோடு எழுதுங்கள். அந்த வயதையும் எழுதுங்கள், அது முக்கியம். பேஸ்புக்கிலும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. கமெண்டுகளை முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், பிறகு முறைப்பாடு. பலர் அழித்த பிறகுதான் ஆதாரம் தேடி வருகிறார்கள்.

சட்டம் என்று கேட்டால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கக் கேட்கலாம் என்று அதில் உண்டு. வீட்டுக்குள் சொந்தத் தேவைக்கு வைத்திருப்பதை அது தொடாது, ஆகவே மாமியின் பேஸ்புக் தப்பலாம். விளம்பரத்துக்குப் போட்ட ஸ்டூடியோ வியாபாரம், அது வேறு. ஆனால் 2025 மார்ச்சில் முழுமையாக நடைமுறைக்கு வரவேண்டிய சட்டம் தள்ளிப்போனது. அதை நம்பிக் காத்திருக்காமல் ஸ்டூடியோவுக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். கடிதம் என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். சிறுபிள்ளையின் படம் என்ற வார்த்தை அதில் இருந்தால் இன்னும் கெதியாக.

2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை யாராவது சொல்வார்கள். தனிப்பட்ட படங்களைப் போட்டு ஒருவரைத் துன்புறுத்துவது அதில் குற்றம், உண்மைதான். ஆனால் அரசை விமர்சிப்பவர்களின் வாயை மூடவும் அதே சட்டம் உதவும் என்பதால் எனக்கு அதில் பிடித்தம் இல்லை. இது என் சொந்த அபிப்பிராயம்.

பாலையூற்றான் சொன்ன திறப்புக் கதை முற்றிப்போய், அந்தரங்கப் படத்தை வெளியில் விடுவேன் என்று யாராவது மிரட்டினால் அது வேறு வகை. காசு கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் நிறுத்தவே மாட்டார்கள். "ஸ்டொப் என்சிஐஐ" என்ற தளம் இருக்கிறது, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. படத்தை அங்கே ஏற்றத் தேவையில்லை. உங்கள் போனுக்குள்ளேயே அந்தப் படத்துக்கு ஒரு எண்கோவை உருவாகும், அது மட்டும்தான் பேஸ்புக், இன்ஸ்டா, டிக்டொக் போன்ற கம்பனிகளுக்குப் போகும். அதே படத்தை யாராவது ஏற்றினால் பிடிபடும். வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை அது தடுக்காது. 18க்குக் குறைந்தவர்களுக்கு "டேக் இட் டவுன்" என்று இன்னொன்று.

ஓர்ஸ்ஹில் பழையவர் | சனி மாலை 5.45

கலியாண வீட்டுப் படத்தைத் தேடினேன் பிள்ளை. வடை இல்லை, பாயாசம்.

நீலச்சங்கு எழுதியதை வாசித்து ஒன்றும் எழுத முடியாமல் இருந்தேன். எங்கள் சொந்தத்தில் எத்தனை சாமத்திய வீட்டு வீடியோவுக்கு நானே "வாழ்த்துகள்" போட்டிருக்கிறேன். ஒரு விஷயம் கேட்கலாமா? படம் எடுக்காதே என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். ஸ்டூடியோவுடன் பேசும்போதே, இணையத்தில் போடக்கூடாது என்று பில்லில் எழுதி வாங்கலாம் அல்லவா?

நீதிமன்ற வீதி | சனி மாலை 6.10

நல்ல யோசனை ஐயா. முற்பணம் கொடுக்க முதல் எழுதி வாங்கவேண்டும். "விளம்பரத்துக்குப் போட்டால் விலை குறைப்போம்" என்று சில ஸ்டூடியோக்கள் சொல்வதும் உண்டு. அந்தக் கழிவு யாருடைய தலையில் விழுகிறது என்று இந்த இழையை வாசித்த பிறகு தெரிந்திருக்கும்.

பத்திரகாளி வீதி அம்மா | சனி இரவு 8.50

வாசித்துக்கொண்டே இருந்தேன். எனக்கும் ஒரு மகள், 26 வயது, ஆசிரியை. எல்லாரும் பெரியவர்களைத்தான் ஏசுகிறீர்கள். கலியாணம் பேசுகிற வீட்டில் படம் கேட்பார்கள், சாதகக் குறிப்புக் கேட்பார்கள், கொடுக்காமல் எப்படி மாப்பிள்ளை வரும்? அந்தக் காலத்தில் தரகர் பையில் கொண்டு திரிந்தார். இப்போது வட்ஸ்அப் குரூப். வேறு என்ன வித்தியாசம்?

கோணேசபுரிக்காரி | சனி இரவு 9.15

அன்ரி, கோபிக்காமல் கேளுங்கள். தரகர் பையில் இருந்த படம் ஒன்று. வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடும். குரூப்பில் போட்ட படம் எத்தனை போனில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. அந்த ஒரே தாளில் என்ன எல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்: பெயர், பிறந்த திகதி, நிமிடத்தோடு பிறந்த நேரம், பிறந்த இடம், வேலை செய்யும் பாடசாலை, சம்பளம், சகோதரங்கள் எந்த நாட்டில், அப்பாவின் போன் நம்பர், இரண்டு படம், ஒன்று முழு உயரம். என்னை ஏமாற்ற நினைப்பவன் ஒரு வருடம் பின்னால் திரிந்தாலும் இவ்வளவும் சேர்க்கமாட்டான்.

கொடுக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் அக்காவுக்குப் பேசும்போது நாங்கள் பிரித்துக் கொடுத்தோம். முதலில் நட்சத்திரம், செவ்வாய், கிரக பாவம், படிப்பு, இவ்வளவுதான். பெயர் இல்லை, படம் இல்லை. பாதிக்கு மேல் அந்த இடத்திலேயே பொருந்தாமல் போய்விடும். அவர்களுக்கு எதற்குப் படம்? பொருந்தி, அந்தக் குடும்பத்தை விசாரித்த பிறகு, ஆளுக்கு ஆள் படம். குரூப்புக்கு ஒருபோதும் இல்லை. "ஒருமுறை பார்" என்ற முறையில் அனுப்பலாம், அதில் வட்ஸ்அப் ஸ்கிரீன்ஷொட் எடுக்க விடாது. இன்னொரு போனால் படம் பிடித்தால் ஒன்றும் செய்யமுடியாதுதான்.

முக்கியமாக, மகளிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். எந்தப் படம் என்று அவர் தெரிவு செய்யட்டும்.

கொமியூனிகேஷன் கடைக்காரன் | சனி இரவு 9.40

குறிப்புப் பிரிண்ட் எடுக்கவும் என்னிடம்தான் வருவார்கள். சொல்ல மறந்துவிட்டேன்.

நீலச்சங்கு | ஞாயிறு காலை 9.05

நீதிமன்ற வீதிக்கு நன்றி. ஸ்டூடியோவுக்குக் கடிதம் எழுதி நேரில் கொடுக்கப் போகிறேன், அப்பா பிரான்சில் இருந்து போனிலும் சொல்வதாகச் சொன்னார். அவருக்குக் கமெண்டுகளைப் பற்றி இதுவரை தெரியாது. மாமியிடம் நான் கேட்கமாட்டேன், அம்மா கேட்கட்டும்.

பத்திரகாளி வீதி அம்மா | ஞாயிறு மாலை 4.30

மகளிடம் கேட்டேன். படம் குரூப்பில் போனதே தனக்குத் தெரியாது என்று ஒரு பாட்டம் சண்டை. இப்போது சமாதானம். தரகருக்குக் கோல் எடுத்து அழிக்கச் சொன்னேன். "நான் மூன்று குரூப்புக்கு அனுப்பிவிட்டேனே" என்கிறார். அந்தக் குரூப்காரரிடம் நான் என்னவென்று கேட்பது?

கோணேசபுரிக்காரி | ஞாயிறு மாலை 4.52

முதலில் தரகர் தானே போய் அழிக்கட்டும் அன்ரி. அனுப்பி இரண்டு நாள் தாண்டாவிட்டால் "எல்லாருக்கும் அழி" இன்னும் வேலை செய்யும். இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள். தாண்டியிருந்தால் குரூப் அட்மினால் அழிக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். மூன்று அட்மினின் நம்பரையும் தரகரிடம் வாங்கித் தாருங்கள், அனுப்ப வேண்டிய மெசேஜை நான் எழுதித் தருகிறேன். தனி மெசேஜில் வாருங்கள், நம்பரை இங்கே போடவேண்டாம்.